நாஸ்டாக் ஏறிய அளவுக்கு என் பணம் ஏறவில்லை, நான் தோற்றுவிட்டேனா?

வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

வயது 46. ஏழு வருடமாக மாதாமாதம் முதலீடு செய்துவருகிறார். மொத்தத்தில் 60 சதவீதம் பல நாட்டுப் பங்குகளை வாங்கும் ஃபண்டுகளில், மீதி 40 சதவீதம் கடன் பத்திரங்களிலும் டெபாசிட்டிலும். மகனின் மேற்படிப்புக்கு நான்கு வருடத்தில் பெரிய தொகை வேண்டும், அதற்காகத்தான் அந்த 40. தினமும் காலையில் டவ் ஜோன்ஸ், நாஸ்டாக், நிக்கேய் என்று பங்குச் சந்தைக் குறியீடுகள் எல்லாவற்றையும் பார்த்துவிடுவாராம். போன வருடம் தன் பணம் 9 சதவீதம்கூட வளரவில்லை, நாஸ்டாக்கோ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டு நொந்துபோயிருக்கிறார். "ஏழு வருஷத்தை வீணாக்கிட்ட, எல்லாத்தையும் வித்துட்டு நாஸ்டாக் ஃபண்டுல போடு" என்கிறாராம் அண்ணன். இதற்கு நடுவில் ஒரு முதலீட்டு மேலாளர், தன் திட்டம் ஐந்து வருடமாக இண்டெக்ஸைவிட, அதாவது சந்தைக் குறியீட்டைவிட, வருடத்துக்கு 1 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது, இண்டெக்ஸைத் தாண்டும் லாபத்தில் மட்டும் 15 சதவீதம் எனக்குக் கொடுத்தால் போதும் என்று ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார். ஒப்பிடும் இண்டெக்ஸ், பெரிய நிறுவனங்களின் பிரபலமான குறியீடு ஒன்று. திட்டத்தில் இருப்பவையோ பாதிக்கு மேல் சிறிய நிறுவனங்கள்.

அவர் கேட்பது மூன்று: நான் மோசமான முதலீட்டாளரா? அண்ணன் சொன்னபடி மாறலாமா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மோசமான முதலீட்டாளர் இல்லை. ஏழு வருடம் விடாமல் போட்டிருக்கிறீர்கள், எந்தப் பணம் எதற்கு என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இந்த இரண்டுமே இருப்பதில்லை. உங்கள் அளவுகோல்தான் உங்களுக்குச் சம்பந்தமில்லாதது. இன்னொன்று, கடிதத்தில் இருக்கும் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

பங்குச் சந்தைக் குறியீடு என்பது ஒரு குழுவினர் ஒரு விதியை வைத்துப் போடும் பட்டியல், அவ்வளவுதான். எந்தப் பங்குகள் உள்ளே, எதற்கு எவ்வளவு எடை, நிறுவனங்கள் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் டிவிடெண்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு குறியீட்டிலும் வேறு வேறு. காலைச் செய்தியில் எல்லாம் ஒரே வரிசையில் ஓடுவதால் ஒரே வகை எண்கள் என்று தோன்றும். அப்படி இல்லை.

அமெரிக்காவின் டவ் ஜோன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1896-ல் 12 நிறுவனங்களோடு தொடங்கியது, இன்று 30. அதில் எடை, பங்கின் விலையை வைத்து. ஒரு பங்கு 500 டாலர், இன்னொன்று 50 டாலர் என்றால், இரண்டாவது நிறுவனம் எத்தனை பெரியதாக இருந்தாலும் முதலாவதற்குத்தான் பத்து மடங்கு செல்வாக்கு. 2020 ஆகஸ்டில் ஆப்பிள் தன் பங்கை நான்காகப் பிரித்தபோது, அந்த நிறுவனத்தின் தொழிலில் எதுவும் மாறாமலே டவ் ஜோன்ஸில் அதன் எடை சரிந்தது. ஜப்பானின் நிக்கேய் 225-ம் இப்படி விலையை வைத்து எடை போடும் குறியீடுதான். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 500-ஐக் கொண்ட எஸ் அண்ட் பி 500 வேறு வகை: நிறுவனத்தின் சந்தை மதிப்பில், வெளியார் வாங்கக் கிடைக்கும் பங்குகளின் அளவுக்கு எடை. அதனால் அதில் பெரியவை மிகப் பெரிய இடத்தைப் பிடிக்கின்றன. சமீப வருடங்களில் முதல் பத்து நிறுவனங்களே மொத்தத்தில் 30 சதவீதத்துக்கு மேல். 500 நிறுவனங்கள் என்றதும் பணம் பரவலாகப் பிரிந்திருக்கிறது என்று நினைக்கிறோம், உண்மையில் அது நினைத்த அளவுக்கு இல்லை.

"டவ் 500 புள்ளி விழுந்தது என்று பார்த்தாலே பயம் வந்துவிடுகிறது" என்று எழுதியிருந்தீர்கள். புள்ளியைப் பார்க்காதீர்கள், சதவீதத்தைப் பாருங்கள். 1987 அக்டோபர் 19 அன்று டவ் 508 புள்ளி விழுந்தது, அது 22.6 சதவீதம், உலகமே ஆடிப்போன நாள். குறியீடு 40,000-ல் இருக்கும்போது அதே 508 புள்ளி 1.3 சதவீதம்கூட இல்லை. சந்தையில் அது சாதாரண நாள்.

டிவிடெண்ட் சேர்ந்ததா, சேராததா

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மேலாளர் நீட்டிய தாளில் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

நாம் தினமும் பார்க்கும் பெரும்பாலான குறியீடுகள் விலையை மட்டும் கணக்கில் எடுப்பவை. நிறுவனங்கள் கொடுக்கும் டிவிடெண்ட் அவற்றில் வராது. அதே குறியீட்டுக்கு இன்னொரு வடிவமும் இருக்கும், டிவிடெண்டை மறுபடி முதலீடு செய்ததாக வைத்துக் கணக்கிடுவது. அதை மொத்த வருவாய்க் குறியீடு என்பார்கள். ஜெர்மனியின் டாக்ஸ் ஒரு விதிவிலக்கு, செய்தியில் வரும் எண்ணே டிவிடெண்ட் சேர்ந்தது. லண்டனின் எஃப்டிஎஸ்இ 100 செய்தியில் விலைக் குறியீடாக வருகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஜெர்மனி எங்கேயோ போய்விட்டது, லண்டன் அப்படியே கிடக்கிறது" என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எஃப்டிஎஸ்இ 100, 1999 டிசம்பர் கடைசியில் 6,930-ல் இருந்தது, அதைத் தாண்டி முடிய 2015 பிப்ரவரி வரை ஆனது. எண்ணை மட்டும் பார்த்தால் பதினைந்து வருடம் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பதினைந்து வருடமும் டிவிடெண்ட் வந்துகொண்டே இருந்தது, அதை மறுபடி போட்டவருக்குக் கணிசமாகவே வளர்ந்திருக்கும்.

இப்போது மேலாளரின் கணக்கு. அவர் திட்டம் வருடத்துக்கு 10 சதவீதம், ஒப்பிட்ட குறியீடு 9 சதவீதம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த 9, விலைக் குறியீட்டின் எண். திட்டத்தின் 10-ல் டிவிடெண்ட் சேர்ந்திருக்கிறது. குறியீட்டிலுள்ள நிறுவனங்கள் வருடத்துக்கு 2 சதவீதம் டிவிடெண்ட் கொடுத்தன என்று வைத்துக்கொண்டால், நியாயமாக ஒப்பிட வேண்டிய எண் 11. அதாவது அவர் 1 சதவீதம் முந்தவில்லை, 1 சதவீதம் பின்தங்கியிருக்கிறார். நீங்கள் கையெழுத்துப் போட்டால், குறியீட்டில் இருக்கும் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் சும்மா போட்டிருந்தாலே கிடைத்திருக்கும் லாபத்தைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு, அதற்கு 15 சதவீதப் பங்கும் கொடுப்பீர்கள்.

இரண்டாவது சிக்கல், அளவுகோலுக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் பொருத்தமில்லை. சிறிய நிறுவனப் பங்குகள் அதிகமாக ஏறி இறங்குபவை. அவை நன்றாக ஓடும் வருடத்தில் அவரைப் பெரிய நிறுவனக் குறியீட்டோடு ஒப்பிட்டால் அவர் திறமைசாலியாகத் தெரிவார், அவற்றுக்குக் கெட்ட வருடத்தில் தடுமாறியவராகத் தெரிவார். இரண்டிலுமே அவர் திறமையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவில்லை, சிறிய நிறுவனங்கள் எப்படி ஓடின என்பதுதான் தெரிகிறது. அவரைச் சிறிய நிறுவனக் குறியீடும் கலந்த ஓர் அளவுகோலோடுதான் ஒப்பிட வேண்டும்.

அவர் ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பழக்கம் தொழிலில் நெடுங்காலம் இருந்தது, அதனால்தான் கட்டுப்பாட்டு அமைப்புகளே தலையிட வேண்டியிருந்தது. இந்தியாவின் செபி, 2018 பிப்ரவரி முதல் மியூச்சுவல் ஃபண்டுகள் மொத்த வருவாய்க் குறியீட்டோடுதான் தங்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று ஆக்கியது. ஐரோப்பாவின் எஸ்மா 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், லாபத்தில் பங்கு வாங்கும் ஃபண்டின் அளவுகோல் அதன் முதலீட்டு முறைக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும் என்கிறது. அதோடு, முன்பு பின்தங்கியதை ஈடுகட்டிய பிறகுதான் கட்டணம் எடுக்க வேண்டும், அதற்குக் குறைந்தது ஐந்து வருடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் மேலாளர் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவரோ இல்லையோ, இதே கேள்விகளைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் 9 சதவீதம் உண்மையில் எவ்வளவு

உங்கள் தொகைகளை வெளியிட விரும்பாததால், வருடத் தொடக்கத்தில் இருந்த பணத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் 2 வீதம் 24 போட்டிருக்கிறீர்கள். வருடக் கடைசியில் 135. லாபம் 11. இந்த 11-ஐ 124-ஆல் வகுத்து 8.9 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த 24 முழுவதும் வருடம் முழுக்க உங்களுக்காக வேலை செய்யவில்லையே. ஜனவரியில் போட்ட 2 பன்னிரண்டு மாதம் இருந்தது, டிசம்பரில் போட்ட 2 சில நாட்கள்தான் இருந்தது. சராசரியாகப் பார்த்தால் சுமார் 12தான் வருடம் முழுக்க இருந்ததாகக் கொள்ளலாம். 11-ஐ 112-ஆல் வகுத்தால் 9.8. செய்தியில் வரும் குறியீட்டு ஏற்றமோ, வருடத்தின் முதல் நாள் மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவரின் கணக்கு. அதோடு உங்கள் எண்ணை நேராக ஒப்பிட்டால் எப்போதும் தப்பாகவே வரும், சில வருடம் உங்களுக்குச் சாதகமாக, சில வருடம் பாதகமாக.

இதற்கு நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு நிழல் கணக்கு. நீங்கள் பணம் போட்ட அதே தேதியில், அதே தொகைக்கு, அளவுகோலாக எடுத்த இண்டெக்ஸ் ஃபண்டின் யூனிட்டை வாங்கியதாகத் தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். பணம் எடுத்த நாளில் அங்கேயும் விற்றதாக எழுதுங்கள். கடைசியில் இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூத்திரம் எதுவும் வேண்டாம், யாரும் உங்களைக் குழப்பவும் முடியாது. குறியீட்டுக்குப் பதிலாக ஃபண்டின் யூனிட் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. குறியீடு கட்டணம் கட்டுவதில்லை, பங்கு வாங்கி விற்கச் செலவழிப்பதில்லை. ஃபண்ட் இதையெல்லாம் கட்டுகிறது, நீங்களும் கட்டுகிறீர்கள். நீங்கள் உண்மையில் வாங்கியிருக்கக்கூடிய ஒன்றோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

அடுத்து, எந்த அளவுகோல்? உங்கள் பணத்தில் 40 சதவீதம் கடன் பத்திரமும் டெபாசிட்டும். அதைப் பங்குக் குறியீட்டோடு ஒப்பிடுவதே தப்பு. உங்களுக்குக் கலப்பு அளவுகோல் வேண்டும்: 60 சதவீதம் உலகப் பங்குக் குறியீடு, 40 சதவீதம் கடன் பத்திரக் குறியீடு. ஒரு வருடம் முதலாவது 15 சதவீதம், இரண்டாவது 4 சதவீதம் ஏறியது என்று வைத்துக்கொண்டால், கலப்பு 9-ம் 1.6-ம் சேர்ந்து 10.6. நீங்கள் 9.8. இடைவெளி 1 சதவீதத்துக்கும் கீழே, அதில் பெரும்பகுதி நீங்கள் கட்டும் ஃபண்ட் கட்டணமாகவே இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது, கட்டணம் குறைவான ஃபண்டுக்கு மாறலாமா என்பது. எஸ் அண்ட் பி நிறுவனத்தின் ஸ்பிவா அறிக்கைகளைப் பார்த்தால், அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளில் மேலாளர் தேர்ந்தெடுத்து வாங்கும் ஃபண்டுகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் 15 வருடக் கணக்கில் எஸ் அண்ட் பி 500-க்குப் பின்னால்தான் நிற்கின்றன. அமெரிக்காவின் வான்கார்ட் ஃபண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போகிள் 1976-ல் சாதாரண மக்களுக்கான இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கியபோது சொன்ன வாதமே இந்தக் கட்டணத்தைப் பற்றியதுதான்.

உலகக் குறியீடு என்றதும் பெயரை நம்பிவிடாதீர்கள். எம்எஸ்சிஐ என்ற நிறுவனம் போடும் எம்எஸ்சிஐ வேர்ல்டு குறியீட்டில் வளர்ந்த நாடுகள் 23 மட்டும்தான். சீனா, இந்தியா, பிரேசில் எதுவும் கிடையாது. எம்எஸ்சிஐ ஏசிடபிள்யுஐ என்ற குறியீட்டில் வளரும் நாடுகளும் உண்டு. உங்கள் ஃபண்டுகளில் வளரும் நாட்டுப் பங்குகள் இருப்பதால் உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அப்புறம் நாணயம். 2013-ல் நிக்கேய் சுமார் 57 சதவீதம் ஏறியது, ஆனால் அதே வருடம் யென் பலமாக விழுந்ததால் டாலரில் கணக்குப் பார்த்தவருக்கு அந்த ஏற்றம் 30 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான். உங்கள் கணக்கு எந்த நாணயத்திலோ, அளவுகோலையும் அதே நாணயத்துக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும்.

அண்ணன் சொல்வது

உங்கள் மேல் அக்கறையில்தான் சொல்கிறார், அது புரிகிறது. நாஸ்டாக் கெட்ட குறியீடும் இல்லை. ஆனால் அது உங்கள் மகனின் படிப்புக்கான அளவுகோல் ஆக முடியாது.

நாஸ்டாக் ஃபண்ட் என்று விற்கப்படுவது பெரும்பாலும் நாஸ்டாக் 100-ஐப் பின்பற்றுவது. நிதி நிறுவனங்களை விலக்கிவிட்டு நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையின் 100 பெரிய நிறுவனங்கள், தொழில்நுட்பத்தின் கனம் மிக அதிகம். அந்தச் சந்தையின் கிட்டத்தட்ட எல்லாப் பங்குகளையும் சேர்த்துக் கணக்கிடும் பழைய நாஸ்டாக் காம்போசிட்டின் வரலாற்றை அண்ணனிடம் காட்டுங்கள். 2000 மார்ச் 10-ல் 5,048-ல் முடிந்தது. 2002 அக்டோபரில் 1,114. அதாவது 78 சதவீத வீழ்ச்சி. பழைய உச்சத்தைத் தாண்ட 2015 ஏப்ரல் வரை ஆனது. 2000 மார்ச்சில் ஒரு தாய் நான்கு வருடத்தில் தேவைப்படும் படிப்புப் பணத்தை அதில் போட்டிருந்தால், 2004-ல் கட்டணம் கட்டப் போகும்போது பாதிகூட இருந்திருக்காது. பிள்ளையின் சேர்க்கைக்கு 2015 வரை காத்திருக்க முடியுமா?

நேற்று முன்னால் ஓடிய குறியீடே நாளையும் ஓடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 1980-களின் கடைசியில் எம்எஸ்சிஐ வேர்ல்டில் ஜப்பான் மட்டுமே சுமார் 40 சதவீதம் இருந்தது, ஜப்பான் இல்லாத முதலீடே முதலீடு இல்லை என்ற காலம். நிக்கேய் 1989 டிசம்பர் 29-ல் 38,915-ஐத் தொட்டுவிட்டு இறங்கியது, அந்த உச்சத்தைத் திரும்பத் தாண்டியது 2024 பிப்ரவரியில். இன்று அதே எம்எஸ்சிஐ வேர்ல்டில் அமெரிக்கா கிட்டத்தட்ட 70 சதவீதம். ஜப்பானுக்கு நடந்தது அமெரிக்காவுக்கும் நடக்கும் என்று நான் ஆரூடம் சொல்லவில்லை. 2000 முதல் 2009 வரை பத்து வருடத்தில் எஸ் அண்ட் பி 500 டிவிடெண்ட் சேர்த்தும் நஷ்டத்தில் முடிந்தது, அதே பத்து வருடத்தில் வளரும் நாடுகளின் எம்எஸ்சிஐ குறியீடு டிவிடெண்டோடு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. அந்தப் பத்து வருடத்தின் முதல் நாள் இதை யார் சொல்லியிருந்தாலும் பெரும்பாலானோர் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆகவே அந்த 40-ஐத் தொடவே வேண்டாம். நான்கு வருடப் பணத்துக்கு அளவுகோல் எந்தச் சந்தையும் இல்லை, நான்கு வருடம் கழித்து மகனின் கட்டணம் எவ்வளவு இருக்கும் என்ற தொகைதான். அந்தத் தொகையை நோக்கிப் பணம் சரியாகப் போகிறதா என்று வருடம் ஒருமுறை பாருங்கள், படிப்புக் கட்டணமும் வருடாவருடம் ஏறும் என்பதைச் சேர்த்து. 60-க்குள், பத்து வருடத்துக்கு மேல் தொடத் தேவையில்லாத பணத்தில் ஒரு சிறு பகுதியை நாஸ்டாக் ஃபண்டுக்கு ஒதுக்க ஆசை இருந்தால் அது உங்கள் இஷ்டம். ஆனால் உங்கள் உலக ஃபண்டில் அதே பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விற்கும்போது வரியும் வெளியேறும் கட்டணமும் வரும், அதையும் கேட்டு வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

மேலாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

- ஐந்து வருட ஒப்பீட்டை மொத்த வருவாய்க் குறியீட்டோடு, எல்லாக் கட்டணமும் கழித்த பிறகு, வருடவாரியாகக் கொடுங்கள்.
- அளவுகோலில் சிறிய நிறுவனக் குறியீட்டையும் திட்டத்தில் இருக்கும் விகிதத்தில் சேருங்கள். ஒப்பந்தக் காலத்தில் அளவுகோலை மாற்றுவதென்றால் என் சம்மதம் வேண்டும் என்று எழுதுங்கள்.
- ஒரு வருடம் பின்தங்கினால், அந்தப் பள்ளத்தை நிரப்பிய பிறகுதான் அடுத்த வருடம் லாபப் பங்கு எடுப்பீர்களா?
- சந்தை 20 சதவீதம் விழுந்து, நீங்கள் 15 சதவீதம் மட்டும் விழுந்தால், அந்த 5-க்கும் நான் கட்டணம் கட்ட வேண்டுமா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பணம் கரைந்த வருடத்திலும் "இண்டெக்ஸைவிடக் குறைவாகத்தான் கரைந்தது" என்று கட்டணம் வாங்க சில ஒப்பந்தங்கள் இடம்கொடுக்கின்றன. அதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் தெரிந்து ஏற்க வேண்டும்.

இந்த நான்குக்கும் எழுத்துமூலம் பதில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். "இந்த மாதக் கடைசிக்குள் சேர்ந்தால்தான்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அவசரம் அவருடையது. பதில் வந்ததும் அந்த எண்களை மேலே சொன்ன நிழல் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், புரியாத இடம் இருந்தால் தாளை அனுப்புங்கள், சேர்ந்தே பார்க்கலாம்.